இளங்கோள்களைத் தேடும் பணி: தும்பாவின் பாடம் தில்லிக்கு எட்டுமா?

புது தில்லி: திருவனந்தபுரம் நகரின் வடக்கே, தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள கழக்கூட்டம் இன்று டெக்னோபார்க்கின் ஊராகவே வெளியுலகுக்குத் தெரியும். 1990-ல் நாட்டிலேயே முதன்முதலாகத் தொடங்கப்பட்ட அந்தத் தொழில்நுட்பப் பூங்காவுக்கு முன்பே இந்தப் பகுதிக்கு வேறொரு பெருமை உண்டு. கழக்கூட்டத்திலிருந்து கடற்கரையை நோக்கிச் சில கிலோமீட்டர் சென்றால் தும்பா. 1963 நவம்பர் 21-ம் தேதி மாலை, அங்கிருந்துதான் இந்திய மண்ணின் முதல் ஆய்வு ராக்கெட் விண்ணை நோக்கிப் பாய்ந்தது.

ராக்கெட் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதில் வைத்து அனுப்பப்பட்ட சோடியம் ஆவிக் கருவி பிரான்ஸிலிருந்து வந்தது. இந்தியாவிடம் இருந்தவை, காந்தப் புவிநடுக்கோட்டின் அருகில் அமைந்த ஒரு மீனவ கிராமமும், அலுவலகமாகப் பயன்படுத்த விட்டுக்கொடுக்கப்பட்ட புனித மரிய மக்தலேனாள் தேவாலயமும், பயிற்சி பெற்றுத் திரும்பிய ஒரு சிறிய இளைஞர் குழுவும்தான். அந்தத் தொடக்கத்திலிருந்து வளர்ந்த விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் இன்று நாட்டின் ராக்கெட்டுகளை வடிவமைக்கும் தலைமைக் கூடமாக விளங்குகிறது.

அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, ஏறத்தாழ அதே போன்றதொரு முடிவெடுக்க வேண்டிய கட்டத்தில் மத்திய அரசு மீண்டும் நிற்கிறது. இம்முறை பிரச்னை ராக்கெட் அல்ல. பிற விண்மீன்களைச் சுற்றிவரும் கோள்கள். குறிப்பாக, பிறந்து சில லட்சம் அல்லது சில கோடி ஆண்டுகளே ஆன இளங்கோள்கள்.

2026 பிப்ரவரி 1-ம் தேதி நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட பட்ஜெட் உரையில், நான்கு வானியல் வசதிகள் புதிதாக அமைக்கப்படும் அல்லது மேம்படுத்தப்படும் என நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். லடாக்கில் அமையவுள்ள தேசியப் பெரிய ஒளியியல்-அகச்சிவப்புத் தொலைநோக்கி, தேசியப் பெரிய சூரியத் தொலைநோக்கி, ஏற்கெனவே செயல்பட்டுவரும் இமாலயச் சந்திரா தொலைநோக்கி ஆகியவை அவற்றில் அடங்கும். நான்காவது ஒரு கோளரங்கம். பட்ஜெட் உரையில் ஒரு வரியாக வந்துபோன இந்த அறிவிப்பு, வரி விகிதங்கள் குறித்த விவாதங்களுக்கிடையே பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. ஆனால் இந்திய வானியலின் அடுத்த முப்பது ஆண்டுகளைத் தீர்மானிக்கக்கூடிய வரி அது.

பிறந்து இருபத்து நான்கு நாள்

1995-ல் ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த மிஷெல் மேயர், திதியே கெலோ ஆகியோர் சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றிவரும் முதல் கோளைக் கண்டறிந்து அறிவித்தனர். அதற்காக 2019-ல் அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. 2025 செப்டம்பரில், உறுதி செய்யப்பட்ட புறக்கோள்களின் எண்ணிக்கை 6,000-ஐத் தாண்டியதாக அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா அறிவித்தது.

இந்தப் பெரும் பட்டியலில் மிகப் பெரும்பாலானவை வயதில் முதிர்ந்தவை. நமது சூரியக் குடும்பத்தைப் போலப் பல நூறு கோடி ஆண்டுகளைக் கடந்துவிட்டவை. ஒரு கோள் எப்படிப் பிறக்கிறது, முதலில் எங்கே இருந்தது, பிறகு எங்கே நகர்ந்தது, தொடக்கத்தில் இருந்த காற்று மண்டலத்தை எப்போது இழந்தது என்ற கேள்விகளுக்கு முதிர்ந்த கோள்களிடமிருந்து நேரடியான பதில் கிடைக்காது. நடந்து முடிந்ததன் விளைவை மட்டுமே அவை காட்டுகின்றன.

சூரியனின் வயது சுமார் 460 கோடி ஆண்டுகள். அதை 60 வயது மனிதருக்கு ஒப்பிட்டால், 50 லட்சம் ஆண்டு வயதுள்ள ஒரு கோள் பிறந்து 24 நாளே ஆன சிசு. அந்த வயதிலுள்ள கோள்களைத்தான் விஞ்ஞானிகள் தேடுகின்றனர்.

இவ்வகையில் மிகவும் அறியப்பட்டது, சுமார் 370 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பி.டி.எஸ். 70 என்ற விண்மீன். இதன் வயது ஏறத்தாழ 54 லட்சம் ஆண்டுகள். அதைச் சுற்றியுள்ள தூசு, வாயுத் தட்டின் இடைவெளியில் உருவாகிக்கொண்டிருக்கும் ஒரு கோள், சிலியிலுள்ள ஐரோப்பியத் தொலைநோக்கியால் 2018-ல் நேரடியாகப் படம்பிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே இரண்டாவது கோளும் கண்டறியப்பட்டது. இரண்டும் தம்மைச் சுற்றியுள்ள வாயுவை இன்னமும் ஈர்த்து வளர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றைச் சுற்றி, பிற்காலத்தில் நிலவுகள் உருவாகக்கூடிய சிறிய தூசுத் தட்டு இருப்பதும் 2021-ல் உறுதியானது.

2024-ல், ரிஷப விண்மீன் கூட்டத்தில் சுமார் 30 லட்சம் ஆண்டு வயதே ஆன ஒரு கோள் அறிவிக்கப்பட்டது. தன் விண்மீனை அது ஒன்பது நாளுக்குள் ஒருமுறை சுற்றிவருகிறது. 2025 ஆகஸ்டில், விஸ்பிட் 2 என்ற இளம் விண்மீனின் தட்டில், இரு வளையங்களுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தில், வியாழனைப் போல் சுமார் ஐந்து மடங்கு நிறையுள்ள ஒரு கோள் படம்பிடிக்கப்பட்டது. தூசுத் தட்டுகளில் காணப்படும் இடைவெளிகளைக் கோள்களே உண்டாக்குகின்றன என்ற நெடுநாளைய கருத்துக்கு இது வலுச் சேர்த்தது.

சென்னையில் எழுந்த முதல் குரல்

இத்துறை இந்தியாவுக்குப் புதியதல்ல. சூரியனுக்கு அப்பாலுள்ள விண்மீனுக்குக் கோள் இருக்கக்கூடும் என உலகில் முதன்முதலாக வந்த அறிவிப்புகளில் ஒன்று சென்னையிலிருந்து வந்தது என்பது பலர் அறியாத செய்தி. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி நிறுவிய சென்னை வானாய்வகத்தின் பொறுப்பாளராக இருந்த கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப், 70 ஒபியூக்கி என்ற இரட்டை விண்மீனின் பாதையில் தெரிந்த பிறழ்ச்சிகளுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் காரணமாக இருக்கலாம் என 1855-ல் எழுதினார்.

அவரது கணிப்பு பின்னாளில் நிலைக்கவில்லை. அன்றைய கருவிகளின் அளவுப்பிழைக்குள் அடங்கிவிடும் சிறு மாறுபாட்டை அவர் கோளின் அடையாளமாகக் கொண்டுவிட்டார் என்பது தெரியவந்தது. இதே வகையான ஆபத்து இளங்கோள் ஆராய்ச்சியில் இன்றும் தொடர்கிறது.

காரணம் எளிது. முதிர்ந்த விண்மீன்கள் ஓரளவு அமைதியானவை. இளம் விண்மீன்கள் கொந்தளிப்பானவை. அவற்றின் மேற்பரப்பில் பெரும் கரும்புள்ளிகள் உண்டு. அவை வேகமாகச் சுழல்கின்றன. அடிக்கடி சுவாலைகளை வீசுகின்றன. கோள் தன் விண்மீனைச் சுற்றும்போது, ஈர்ப்பின் காரணமாக விண்மீன் சற்றே அசையும். அந்த அசைவை நிறமாலையில் அளப்பது ஒரு முறை. கரும்புள்ளிகள் சுழன்று வரும்போதும் இதே போன்ற பொய்யான அசைவு நிறமாலையில் பதிவாகும். கோள் விண்மீனுக்குக் குறுக்கே கடக்கும்போது ஒளி சற்றே மங்குவதை அளப்பது மற்றொரு முறை. புள்ளிகளும் தூசும் அங்கும் குழப்பத்தை உண்டாக்கும். இளம் விண்மீன்களிடம் கண்டதாகக் கடந்த பத்தாண்டுகளில் அறிவிக்கப்பட்ட சில கோள்கள், மறு ஆய்வில் கேள்விக்குள்ளாகியுள்ளன.

இதற்கு விஞ்ஞானிகள் கண்டுள்ள வழிகள் இரண்டு. முதலாவது, அகச்சிவப்பு ஒளியில் அளப்பது. அந்த அலைநீளங்களில் கரும்புள்ளிகளின் தாக்கம் குறைவு. இரண்டாவது, பல ஆண்டுகள் விடாமல் தொடர்ந்து கவனிப்பது.

இரண்டாவது வழியின் பலன் அண்மையில் தெளிவாகத் தெரிந்தது. ரிஷபக் கூட்டத்திலுள்ள வி1298 டாரி என்ற விண்மீனைச் சுற்றி நான்கு கோள்கள் இருப்பது 2019-ல் அறிவிக்கப்பட்டது. அவற்றின் வயது சுமார் 2.3 கோடி ஆண்டுகள். மேற்சொன்ன மனித ஒப்பீட்டில் மூன்றரை மாதக் குழந்தைகள். அவை ஒன்றையொன்று ஈர்ப்பதால் ஒவ்வொன்றும் விண்மீனைக் கடக்கும் நேரம் சற்றே முன்பின்னாக அமைகிறது. அந்த நேர வேறுபாடுகளை விண்வெளித் தொலைநோக்கிகளும் தரையிலுள்ள தொலைநோக்கிகளும் ஏறக்குறைய பத்தாண்டுகள் சேகரித்தன. அதன் அடிப்படையில் அவற்றின் நிறை கணக்கிடப்பட்டு 2026 ஜனவரியில் வெளியானது.

பூமியைப் போல் ஐந்து முதல் பத்து மடங்கு விட்டமுள்ள இக்கோள்களின் நிறை, பூமியின் நிறையைப் போல் ஐந்து முதல் பதினைந்து மடங்கு மட்டுமே. அதாவது, அளவில் பெரியவை, அடர்த்தியில் மிகக் குறைந்தவை. காலப்போக்கில் இவை வாயுவை இழந்து சுருங்கி, நமது பால்வெளியில் மிகப் பரவலாகக் காணப்படும் 'சூப்பர் பூமி', 'துணை நெப்டியூன்' வகைகளாக மாறும் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். பட்டியலிலுள்ள ஆயிரக்கணக்கான கோள்களின் குழந்தைப் பருவம் எப்படியிருந்தது என்பதற்கு இதுவே இன்றுள்ள நல்ல சான்று.

இந்தியாவின் கையிருப்பு

இப்படியான நீண்டகாலக் கண்காணிப்பில் இந்தியாவுக்கு இயற்கையே அளித்துள்ள ஒரு வசதி, அதன் தீர்க்கரேகை. உலகின் பெரிய தொலைநோக்கிகள் ஹவாய் தீவிலும் சிலியிலும் ஸ்பெயினின் கேனரி தீவுகளிலும் குவிந்துள்ளன. அங்கெல்லாம் பகலாக இருக்கும் பல மணி நேரம் இந்தியாவில் இரவு. கோள் ஒன்று விண்மீனைக் கடக்கும் நிகழ்வு சில மணி நேரமே நீடிக்கும். அது இந்திய இரவில் நிகழ்ந்தால், இந்தியாவிலிருந்தோ அண்டை நாடுகளிலிருந்தோ பார்த்தால்தான் உண்டு. புதிய விண்மீன்கள் பெருமளவில் பிறக்கும் ரிஷபக் கூட்டம், சிலியிலிருந்து பார்ப்பதைவிட லடாக்கிலிருந்து பார்க்கும்போது வானில் வெகு உயரத்தில் தெரியும் என்பதும் குறிப்பிடத்தக்கது.

இந்த வசதியின் மதிப்பைத் தமிழகம் முன்பே கண்டுள்ளது. 1977 மார்ச் 10-ம் தேதி யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்த நிகழ்வின்போது, அக்கோளுக்கு வளையங்கள் இருப்பதை அமெரிக்காவின் விமான ஆய்வகம் கண்டறிந்தது. ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கியிலும் அதே நாளில் விண்மீனின் ஒளி மங்கியது பதிவாயிற்று. ஒரு விண்மீனின் ஒளி சற்றே மங்குவதைப் பிடிக்கும் அந்தக் கலைதான் இன்று கோள்களைத் தேடவும் பயன்படுகிறது.

கருவிகளிலும் இந்தியா வெறுங்கையோடு இல்லை. விண்வெளித் துறையின் கீழுள்ள ஆமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம், ராஜஸ்தானின் அபு மலையில் 'பராஸ்' என்ற நிறமாலைக் கருவியை நிறுவியது. அதன் மூலம், சுமார் 600 ஒளியாண்டுத் தொலைவில் பூமியைப் போல் 27 மடங்கு நிறையுள்ள ஒரு கோளை 2018-ல் அறிவித்தது. நமது நாட்டுக் கருவி ஒன்றின் துணையுடன் புறக்கோள் உறுதி செய்யப்பட்டது அதுவே முதல்முறை. தொடர்ந்து 2021, 2023, 2024 ஆகிய ஆண்டுகளிலும் அக்குழு புதிய கோள்களை அறிவித்துள்ளது. 2.5 மீட்டர் தொலைநோக்கியும் 'பராஸ்-2' கருவியும் இப்போது அங்கே உள்ளன.

உத்தரகண்ட் மாநிலம் தேவஸ்தலில் 2016-ல் தொடங்கிவைக்கப்பட்ட 3.6 மீட்டர் தொலைநோக்கியில், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அகச்சிவப்பு நிறமாலைக் கருவி பொருத்தப்பட்டுள்ளது. லடாக்கின் ஹன்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில், இரண்டு மீட்டர் சந்திரா தொலைநோக்கி கால் நூற்றாண்டாக இயங்கிவருகிறது. பெங்களூரு அருகே ஒசக்கோட்டையிலிருந்தே அதைச் செயற்கைக்கோள் வழியாக இயக்குகின்றனர். இளம் விண்மீன்களும் அவற்றின் தூசுத் தட்டுகளும் திடீரெனப் பிரகாசமடையும் நிகழ்வுகளை ஆராய்வதில் இந்திய விஞ்ஞானிகள் நீண்டகாலமாகவே ஈடுபட்டு வந்துள்ளனர். கோள்கள் பிறக்கும் சூழலையே மாற்றிவிடக்கூடிய நிகழ்வுகள் அவை.

எனினும் இளங்கோள்களை நேரடியாகப் படம்பிடிக்க இவை போதா. விண்மீனின் கண்கூசும் ஒளிக்கு அருகில் மங்கலாகத் தெரியும் கோளைப் பிரித்துக் காண, எட்டு மீட்டருக்கு மேற்பட்ட ஆடியும் அகச்சிவப்புக் கருவியும் வேண்டும். இந்தியாவின் மிகப் பெரிய ஒளியியல் தொலைநோக்கியோ 3.6 மீட்டர்.

முப்பது மீட்டர் கனவு

இந்தக் குறையைப் போக்கவே, அமெரிக்கா, ஜப்பான், கனடா உள்ளிட்ட நாடுகளின் முப்பது மீட்டர் தொலைநோக்கித் திட்டத்தில் இந்தியா சேர்ந்தது. 2014 செப்டம்பர் 24-ம் தேதி மத்திய அமைச்சரவை இதற்கு ரூ.1,299.8 கோடி செலவில் ஒப்புதல் அளித்தது. 2014 முதல் 2023 வரை என்பது அன்று போடப்பட்ட கணக்கு. பங்களிப்பின் பெரும்பகுதியைப் பணமாகத் தராமல், 492 அறுகோண ஆடித் துண்டுகளைத் தாங்கும் அமைப்புகள், அவற்றை நகர்த்தும் இயக்கிகள், விளிம்பு உணரிகள் எனப் பொருளாகவே தருவது என்றும் முடிவானது.

அந்த 2023 கடந்துவிட்டது. தொலைநோக்கி எழும்பவில்லை. ஹவாய் தீவின் மௌனா கியா மலை அங்குள்ள பூர்வகுடிகளுக்குப் புனிதமானது. 2015-லும் 2019-லும் அவர்கள் நடத்திய போராட்டங்களால் கட்டுமானப் பணி முடங்கியது. இடையில், கட்டுமான அனுமதியை ஹவாய் உச்ச நீதிமன்றம் ரத்து செய்வதும், பின்னர் வழங்கப்பட்ட புதிய அனுமதியை உறுதி செய்வதுமாக வழக்குகள் நடந்தன. 2025-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை, சிலியில் அமையும் மெகெல்லன் தொலைநோக்கியை மட்டும் இறுதி வடிவமைப்புக் கட்டத்துக்கு எடுத்துச் செல்வதாகத் தனது 2026 நிதியாண்டு பட்ஜெட் கோரிக்கையில் தெரிவித்தது. முப்பது மீட்டர் திட்டத்துக்கு இது பெரும் பின்னடைவு. அதே ஆண்டு ஜூலையில், தொலைநோக்கியைத் தனது லா பால்மா தீவில் அமைத்தால் 40 கோடி யூரோ வழங்கத் தயார் என ஸ்பெயின் முன்வந்தது.

இதில் இந்தியாவின் தவறு எதுவும் இல்லை. ஆனால் பிற நாட்டு நீதிமன்றங்களும் பிற நாட்டு பட்ஜெட்டுகளும் தீர்மானிக்கும் ஒரு திட்டத்தை மட்டுமே நம்பியிருந்ததன் விலையை இந்திய வானியலாளர்களில் ஒரு முழுத் தலைமுறையே கொடுத்திருக்கிறது. 2014-ல் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர்கள் இன்று நடுவயதை நெருங்குகின்றனர். இளங்கோள் ஆராய்ச்சியில் இந்தக் காலகட்டத்தில் நிகழ்ந்த முக்கியக் கண்டுபிடிப்புகளில் பெரும்பாலானவை சிலியிலும் ஹவாயிலும் விண்வெளியிலும் உள்ள வெளிநாட்டுத் தொலைநோக்கிகளால் நிகழ்ந்தவை.

வெளிநாடு சென்ற இந்தியர்கள் அவற்றில் பங்கு பெறாமல் இல்லை. அமெரிக்காவின் டெக்சாஸில் பத்து மீட்டர் தொலைநோக்கியில் பொருத்தப்பட்டுள்ள, கோள்களைத் தேடும் அகச்சிவப்பு நிறமாலைக் கருவியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர், மும்பை ஐ.ஐ.டி.யில் படித்த சுவ்ரத் மகாதேவன். திறமை இங்கே உள்ளது, தொலைநோக்கி அங்கே உள்ளது என்பதே இதன் பொருள்.

லடாக்கும் விண்வெளியும்

இந்தப் பின்னணியில்தான் 2026 பட்ஜெட் அறிவிப்பு முக்கியத்துவம் பெறுகிறது. ஹன்லேயில் அமையவுள்ள தேசியப் பெரிய தொலைநோக்கியின் ஆடி 13.7 மீட்டர் விட்டம் கொண்டதாகத் திட்டமிடப்பட்டுள்ளது. முப்பது மீட்டர் திட்டத்துக்காக இந்தியாவில் உருவான ஆடித் துண்டு மெருகேற்றும் வசதி, இயக்கிகள், உணரிகள் ஆகியவற்றில் கிடைத்த அனுபவம் இதற்கு நேரடியாகக் கைகொடுக்கும். அந்த வகையில் 2014-ல் செய்த முதலீடு முற்றிலும் வீணாகவில்லை என்று கூறலாம்.

ஹன்லேயைச் சுற்றிலும் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பை இருண்ட வானக் காப்பகமாக லடாக் நிர்வாகம் 2022-ல் அறிவித்தது. அங்குள்ள கிராமத்து இளைஞர்களுக்குச் சிறிய தொலைநோக்கிகளும் பயிற்சியும் வழங்கப்பட்டு, வரும் பயணிகளுக்கு அவர்களே வானத்தைக் காட்டுகின்றனர். ஹவாயில் உள்ளூர் மக்களின் எதிர்ப்பால் நின்றுபோன திட்டத்தோடு ஒப்பிட்டால், இந்த ஏற்பாட்டின் அருமை புரியும்.

தரையில் ஒரு கண் போதாது; விண்வெளியிலும் ஒரு கண் தேவை. இளம் விண்மீன்கள் வீசும் கடுமையான புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும்தான் அருகிலுள்ள கோள்களின் காற்று மண்டலத்தை அரித்துச் செல்கின்றன எனக் கருதப்படுகிறது. அந்தப் புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியைப் பூமியின் காற்று மண்டலம் தடுத்துவிடுவதால், தரையிலிருந்து அவற்றை அளக்க இயலாது.

இங்குதான் கழக்கூட்டம் மீண்டும் காட்சிக்கு வருகிறது. 2015 செப்டம்பர் 28-ம் தேதி, தும்பா மையம் வடிவமைத்த பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட், இந்தியாவின் முதல் விண்வெளி ஆய்வகம். ஐந்தாண்டுகளுக்கென வடிவமைக்கப்பட்ட அது, பத்தாண்டுகளைக் கடந்தது. அதிலுள்ள புற ஊதாத் தொலைநோக்கியை உருவாக்கியதில் பெற்ற அனுபவத்தைக் கொண்டு, ஒரு மீட்டர் ஆடியுள்ள அடுத்த விண்வெளித் தொலைநோக்கியை அனுப்பலாம் என இந்திய வான் இயற்பியல் கழகம் யோசனை முன்வைத்துள்ளது. 'இன்சிஸ்ட்' என்பது அதன் பெயர்.

மற்றொரு யோசனை, புறக்கோள்களுக்கென்றே ஒரு செயற்கைக்கோள். 2018 முதல் 2022 வரை தும்பா மையத்தின் இயக்குநராகவும், பின்னர் 2025 ஜனவரி வரை இஸ்ரோ தலைவராகவும் இருந்த எஸ்.சோமநாத், 'எக்ஸோவேர்ல்ட்ஸ்' என்ற பெயரில் இத்தகைய திட்டம் பரிசீலனையில் உள்ளதாக 2023-ல் தெரிவித்தார். புறக்கோள்களின் காற்று மண்டலத்தை ஆராய்வது அதன் நோக்கம்.

ஆனால் 2024 செப்டம்பர் 18-ம் தேதி மத்திய அமைச்சரவை ஒரே நாளில் ஒப்புதல் அளித்த பெரிய விண்வெளித் திட்டங்களில் இவ்விரண்டும் இல்லை. சந்திரயான்-4, வெள்ளிக் கோள் திட்டம், இந்திய விண்வெளி நிலையத்தின் முதல் பகுதி, அடுத்த தலைமுறை ராக்கெட் ஆகியவையே அன்று இடம்பெற்றன. சந்திரயான்-4 திட்டத்துக்கு ரூ.2,104.06 கோடியும் வெள்ளிக் கோள் திட்டத்துக்கு ரூ.1,236 கோடியும் ஒதுக்கப்பட்டன. நிலவுக்கும் விண்வெளி வீரர்களுக்கும் கிடைக்கும் அரசியல் ஆதரவு, விண்மீன்களை நோக்கும் தொலைநோக்கிகளுக்குக் கிடைப்பதில்லை என்பதையே இது காட்டுகிறது.

பணமா, முடிவா?

ஏழை மக்கள் நிறைந்த நாட்டில் எங்கோ இருக்கும் கோள்களுக்காகக் கோடிக்கணக்கில் செலவிடுவது சரியா என்ற கேள்வி நாடாளுமன்றத்திலும் வெளியிலும் எழுவது இயல்பு. தும்பா தொடங்கிய நாளிலும் இதே கேள்வி எழுந்தது. அதைத் தள்ளிவிட முடியாது. எனினும் தொகைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. முப்பது மீட்டர் திட்டத்துக்கு ஒன்பது ஆண்டுகளுக்கென ஒப்புதலான தொகை, விண்வெளித் துறைக்கு 2025-26 என்ற ஒரே ஆண்டில் ஒதுக்கப்பட்ட ரூ.13,416 கோடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஈர்ப்பு அலை ஆய்வகமான லைகோ-இந்தியாவுக்கு 2023-ல் ரூ.2,600 கோடியும், சர்வதேச ரேடியோ தொலைநோக்கி அமைப்பில் சேர 2024-ல் ரூ.1,250 கோடியும் ஒப்புதல் பெற்றன. ஆகவே, அரசு மனம் வைத்தால் பணம் கிடைக்கிறது.

கவலைக்குரியது வேறொன்று. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்கான செலவு 2020-21-ல் 0.64 சதவீதம் மட்டுமே. இதை உயர்த்தும் நோக்கில் 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம், ஐந்தாண்டுகளில் ரூ.50,000 கோடி திரட்ட வகை செய்தது. அதில் ரூ.36,000 கோடி அரசு அல்லாத வழிகளில் வர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. 2025 ஜூலையில் ஒப்புதல் பெற்ற ரூ.1 லட்சம் கோடி நிதியமும் தனியார் துறையின் ஆராய்ச்சியை ஊக்குவிப்பதற்கே. மருந்துக்கும் மின்கலனுக்கும் தனியார் முதலீடு வரும். முப்பது லட்சம் ஆண்டு வயதுள்ள ஒரு கோளின் மீது முதலீடு செய்ய எந்த நிறுவனம் முன்வரும்? அடிப்படை அறிவியலுக்கு அரசைத் தவிர வேறு நாதியில்லை.

விஞ்ஞானிகள் தரப்பில் எழக்கூடிய நியாயமான அச்சமும் ஒன்று உண்டு. பெரிய தொலைநோக்கி ஒன்று வந்தால், அதற்கான செலவு சிறிய தொலைநோக்கிகளின் பராமரிப்பு நிதியை விழுங்கிவிடக் கூடாது என்பதே அது. இளங்கோள் ஆராய்ச்சியைப் பொறுத்தவரை இது மிக முக்கியம். வி1298 டாரியின் நான்கு கோள்களை எடைபோட உதவியது பத்தாண்டுப் பொறுமை. இரண்டு மீட்டர் தொலைநோக்கி ஒன்று ஓராண்டு பழுதாகி நின்றால், அந்த ஓராண்டின் அளவீடுகளை எந்தப் பெரிய தொலைநோக்கியாலும் பின்னர் மீட்க முடியாது.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

பட்ஜெட் அறிவிப்பு வெறும் அறிவிப்பாக முடிந்துவிடாமல் இருக்க, மானியக் கோரிக்கைகள் மீதான விவாதங்களிலும் நிலைக்குழுக் கூட்டங்களிலும் உறுப்பினர்கள் கேட்க வேண்டியவை மூன்று. லடாக் தொலைநோக்கி எந்த ஆண்டில் முதல் ஒளியைக் காணும் என்பதற்குக் கால அட்டவணை உண்டா? கோள்களைப் படம்பிடிக்கும் அகச்சிவப்புக் கருவி அதன் முதல் கட்டத்திலேயே இடம்பெறுமா, அல்லது பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என விடப்படுமா? விண்வெளித் தொலைநோக்கி யோசனைகளில் ஒன்றையேனும் அமைச்சரவையின் முன் வைக்க இஸ்ரோ எப்போது தயாராகும்?

முதல் இரு கேள்விகளும் அறிவியல் தொழில்நுட்பத் துறையைச் சேர்ந்தவை. மூன்றாவது விண்வெளித் துறையைச் சேர்ந்தது. தரையிலுள்ள கண்ணும் விண்ணிலுள்ள கண்ணும் வெவ்வேறு அமைச்சகக் கோப்புகளில் இருப்பதே தாமதத்துக்கு ஒரு காரணமாகிவிடக் கூடாது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பொறுப்பை நாடாளுமன்றக் குழுவேனும் ஏற்க வேண்டும்.

2007-ல் தும்பா வளாகத்திலேயே தொடங்கி, பின்னர் வலியமலைக்கு இடம்பெயர்ந்த இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் இன்று வானியலும் கற்பிக்கப்படுகிறது. அங்கு படிப்பவர்கள் 2030-களில் ஆராய்ச்சியாளர்களாக வெளிவருவார்கள். அப்போது அவர்கள் ஹன்லேயில் நேரம் கேட்டு விண்ணப்பிப்பார்களா, சிலியில் நேரம் கேட்டு விண்ணப்பிப்பார்களா என்பது இப்போது தில்லியில் எடுக்கப்படும் முடிவுகளைப் பொறுத்தது.

1963-ல் தும்பாவில் இருந்தவர்கள் பிறர் தந்த ராக்கெட்டோடு தொடங்கினர். ஆனால் பிறருக்காகக் காத்திருக்கவில்லை. அன்று மாலை சோடியம் ஆவி வானில் செம்மஞ்சளாகப் படர்ந்ததைக் கேரளத்திலும் தென் தமிழகத்திலும் பலர் பார்த்தனர். அதைத் தொடங்கிவைத்தவர்களிடம் அன்று இருந்த தொகை சிறிது. முடிவு தெளிவாக இருந்தது. இன்று தொகை பெரிது. முடிவு எப்போது என்பதே கேள்வி.